இப்னு பதூதா உண்ட சோறு

வேற்று நாட்டிற் சென்று வாழ்வோர்க்கு அந்நாட்டு மொழி செவிவழியாகவும், ஒழுக்கம் கண்வழியாகவும் புகுகின்றன. அவ்விரண்டிற்கும் முன்னே, சென்ற முதல் நாளிலேயே, வாய்வழியாகப் புகுவது அந்நாட்டு உணவு. மொழியைக் கற்கச் சில திங்கள் பொறுக்கலாம், பசி பொறாது. ஆதலின் ஒரு வழிப்போக்கன் பிற மக்களை எங்ஙனம் மதித்தான் என்பதை அறிய விரும்புவோர், அவர்தம் அரண்மனைகளைப் பற்றி அவன் எழுதியதினும் அவர்தம் உணவைப் பற்றி எழுதியதையே ஊன்றி நோக்குதல் வேண்டும். அரண்மனையை வெளியே நின்று காணலாம். உணவையோ, ஒருவர் இட மற்றவர் ஏற்றல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவை எடுத்துக்கொள்வாம். அவர் நம் தமிழ்நாட்டிலும் தங்கி நம் சோற்றை உண்டவர். அவர் நூலினின்று மூன்று வினாக்களுக்கு விடை தேடுவாம். தம் ஊரார் கண்டறியாத உணவை அவர்க்கு எங்ஙனம் விளக்கினார்? விருந்தினராய் அமர்ந்தபொழுது எவ்வளவு பெருந்தன்மையோடு நடந்துகொண்டார்? உணவு மக்களை எங்கே சேர்த்தது, எங்கே பிரித்தது என்பதை எவ்வாறு கண்டார்?

யாத்திரிகர் வரலாறு

இப்னு பதூதா 1304-ஆம் ஆண்டு தாஞ்சியர் நகரிற் பிறந்தார். 1325-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தம் 21-ஆம் வயதில், தாய் தந்தையரைப் பிரிந்து, துணையொருவருமின்றி, மெக்கா யாத்திரைக்குப் புறப்பட்டார். வழியில் தூனிஸ் நகரை அடைந்தபொழுது, உடன்வந்தோரை அவ்வூரார் பெயர்சொல்லி வரவேற்றனர். இவரை அறிவார் ஒருவருமிலர். ஒரு சொல்லும் கூறுவாரிலர். அத்தனிமை பொறாது இவர் கண்ணீர் விட்டார். அது கண்ட யாத்திரிகர் ஒருவர் அருகில் வந்து, நகருக்குள் புகும்வரை அன்புரை கூறித் தேற்றினார். புதிதாக விடுதி புகுந்த மாணவர் எவருக்கும் இந்நிகழ்ச்சிக்கு உரை வேண்டுவதின்று.

அங்ஙனம் அழுத இளைஞர், பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் உலகைச் சுற்றினார். எகிப்து, அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா, வோல்காக் கரையிலிருந்த மங்கோலியப் பேரரசு, டில்லி, மலையாளக் கரை, மாலத்தீவுகள், இலங்கை, தமிழகம், மேற்கு ஆப்பிரிக்க மாலி நாடு ஆகியவற்றில் அவர் வாழ்ந்தார். தாம் கண்டனவற்றை இப்னு ஜுஸை என்னும் புலவர் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவ்வாறு தோன்றிய நூல் 1355-ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. நினைவினின்று சொல்லியதாகலின் காலக் கணக்கிலும் வழி முறையிலும் அதில் ஐயங்கள் உள என்று அறிஞர் கூறுவர். ஆயினும் உணவைப் பற்றிய பகுதிகளில், உண்டவர் ஒருவரே சொல்லக்கூடிய நுட்பங்கள் நிறைந்துள்ளன.

அறியாததை அறிவித்த முறை

ஒருவர் காணாத பொருளைக் கண்டார் விளக்கவேண்டுமாயின் உவமையே கருவி. உவமை தோன்றும் வகைகளாகத் தொழில், பயன், வடிவு, நிறம் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். அந்நூலின் பெயரையும் கேட்டிராத ஒரு மேல்நாட்டு அரேபிய மொழியாளர், நம் நாட்டு உணவுப் பொருள்களைத் தம் மக்களுக்குக் காட்ட முற்பட்டபொழுது அந்நான்கு வழிகளையே கையாண்டார் என்பது வியக்கற்பாலது.

வடிவிற்குத் தேங்காயைக் காண்க. அரேபியாவின் தென்கரையிலுள்ள தோபாரில் அவர் தென்னையை விவரிக்கின்றார். தேங்காயை மனிதத் தலைக்கு ஒப்பிட்டு, இரு கண்ணும் ஒரு வாயும் போன்ற குறிகள் அதில் உள்ளன என்றும், இளங்காயின் உள்ளீடு மூளையைப் போன்றது என்றும், மேலுள்ள நார் மயிர் போன்றது என்றும் கூறுகின்றார். நாளும் தேங்காய் உடைக்கும் நாம் அதன் மூன்று கண்களை எத்துணை முறை உற்று நோக்கியிருப்போம்?

நிறத்திற்கு நாவற்பழத்தைக் கொள்க. அது கரியது, ஒலிவக் கனிபோல் ஒற்றை விதையுடையது என்கின்றார். ஒலிவ மரங்களிடையே பிறந்தவர்க்கு இதனினும் எளிய விளக்கம் வேறில்லை. தொழிலுக்கு மாங்காயைக் கொள்க. பழுக்குமுன் விழுந்த காய்களை எடுத்து, தம் நாட்டார் எலுமிச்சையை உப்பிடுவது போல இங்குள்ளார் உப்பிட்டு ஊறவைக்கின்றனர் என்கின்றார். பயனுக்கு, வடநாட்டிற் கண்ட கிச்சடியைக் கொள்க. பாசிப்பயற்றையும் அரிசியையும் ஒருங்கு வேகவைத்து நெய்யிட்டு உண்ணும் அதனை, அவர் நாட்டில் காலையில் அருந்தும் ஹரீரா என்னும் கஞ்சிக்கு நிகராக வைக்கின்றார். இரண்டும் உருவிலும் சுவையிலும் வேறாயினும், காலைப் பசியை ஆற்றும் பயனால் ஒன்றே என்பது அவர் கருத்து.

இம்முறையில் ஒரு நற்பண்பு மறைந்துள்ளது. பிறர் உணவை விந்தைப் பொருளாகக் காட்டி நகைப்பது எளிது. அதற்கு இணையானது தம் வீட்டிலும் உண்டு என்று காட்டுவோர், அவ்வுணவை உண்பாரையும் தமக்கு இணையாக்குகின்றனர்.

சோறும் சலிப்பும்

மலையாளக் கரைக்கு வடக்கே ஹோனாவரில் சிற்றரசர் ஒருவர் அவருக்கு விருந்தளித்தார். அவ்விருந்தின் முறை, நம் வீட்டுப் பந்தி முறையை அறிந்தார் எவருக்கும் இனிக்கும். செம்பினாலாகிய கலம் முன்னே வைக்கப்படும். அதனை அவர்கள் தாலம் என்பர் என்று பெயரையும் குறித்துள்ளார். தாலம் என்பது நம் மொழியிலும் உண்கலத்தைக் குறிக்கும் சொல்லாம். முதலில் ஓர் அகப்பைச் சோறு, அதன்மேல் நெய். பக்கத்தில் ஊறுகாயிட்ட மிளகுக் கொத்தும் இஞ்சியும் எலுமிச்சையும் மாங்காயும். ஒரு கவளம் சோறு உண்டு, பின் சிறிது ஊறுகாய் உண்பர். அச்சோறு தீர்ந்ததும் மறுபடி சோறு. கோழிக் கறி, மீன், காய்கள் என முறைமுறையே வரும். இறுதியில் தயிர். தயிர் வந்துவிட்டால் இனி வேறொன்றும் வாராது என்பதை அறிந்துகொள்ளலாம் என்கின்றார்! மோருடன் இலை மடிக்கும் நம் வழக்கம் அக்கரையில் 600 ஆண்டுகட்கு மேலாக இருந்துவருவதற்கு இஃது ஒரு நற்சான்று.

ஈண்டு மற்றொன்றும் குறிக்கத்தக்கது. அவ்விருந்தில் காரத்திற்கு மிளகும் இஞ்சியுமே உள்ளன, மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய மிளகாய், போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே நம் நாடு புகுந்தது. நம் பழைய உணவு என்று நாம் பெருமை கொள்வனவற்றுள் எத்துணை பிறநாட்டு விருந்தாளிகள் என்பதை இதனால் உணரலாம்.

இத்துணை விரிவாகப் புகழ்ந்தவர் தம் சலிப்பையும் மறைத்தாரல்லர். பின்னொருகால் அவ்வரசரிடம் 11 திங்கள் ரொட்டியைக் காணாது இருந்தார். மாலத்தீவு, இலங்கை, மஅபர் என்று அவர் அழைக்கும் தமிழகம், மலையாளம் ஆகிய நாடுகளில் 3 ஆண்டுகள் சோற்றையன்றி வேறொன்றும் உண்டாரில்லை. முடிவில் நீரைக் குடித்தாலன்றிச் சோறு தொண்டையில் இறங்காத நிலை வந்தது என்கின்றார். நமக்கு உயிரான உணவு, கோதுமை உண்டு வளர்ந்தவர்க்கு இங்ஙனம் கடினமாயிற்று. இதில் நாம் வருந்துதற்கு ஒன்றுமில்லை. விருந்தைப் புகழ்வதும் வீட்டு உணவுக்கு ஏங்குவதும் ஒரே நெஞ்சில் நிகழக்கூடியனவே. ஏக்கத்தை வெறுப்பாக மாற்றாமையே வழிப்போக்கர்க்கு வேண்டும் பண்பு.

விருந்தும் அதன் அளவும்

அப்பண்பில் அவர் என்றும் ஒருபடித்தாக நின்றாரல்லர். 1331-ஆம் ஆண்டளவில் கிழக்கு ஆப்பிரிக்க மொகதிசு நகரை அடைந்தபொழுது அவருக்கு நாடோறும் மூன்று வேளையும் உணவு வந்தது. பெரிய மரத்தட்டில் நெய்ச்சோறு, அதன்மேல் கறிவகைகள், பாலில் வேகவைத்த வாழைக்காய், தயிர், ஊறுகாய்கள். வெற்றிலை பாக்கும் வந்தது. ஒருவர்க்கு வெற்றிலை ஈதல் பொன்னும் வெள்ளியும் ஈவதினும் பெரிய மதிப்பென்று அவர் அறிந்து எழுதியுள்ளார். ஆங்கு அவர் மனம் நிறைந்தது.

மாலி நாட்டிலோ கதை வேறாயிற்று. 1352-ஆம் ஆண்டு சஹாராப் பாலையைக் கடந்து வலாத்தா என்னும் ஊரை அடைந்தார். ஆங்கு அதிகாரி ஒருவர் விருந்துக்கழைத்து, தினை போன்ற சிறுதானியத்தை இடித்து, தேனும் புளித்த பாலும் கலந்து, குடுவையில் அளித்தார். இதற்காகவோ எம்மை அழைத்தார் என்று இவர் வினவினார். அவர்தம் நாட்டில் இதுவே மேலான விருந்து என்று உடனிருந்தோர் விடை கூறினர். இம்மக்களிடம் நன்மை எதிர்பார்ப்பதற்கில்லை என்று அப்பொழுதே இவர் முடிவு செய்துவிட்டார்! பின்னர்த் தலைநகரில் மன்னர் சுலைமான் விருந்துப்பொருள் அனுப்பினார் என்று கேட்டு, பட்டாடையும் பொன்னும் வரும் என்று எழுந்து நின்றார். வந்தனவோ மூன்று ரொட்டியும், எண்ணெயிற் பொரித்த மாட்டிறைச்சித் துண்டும், ஒரு குடுவைத் தயிருமே. இவர் நகைத்தார்.

இங்கு நாம் நடுநின்று நோக்குதல் வேண்டும். டில்லி மாநகரில் முகம்மது பின் துக்ளக் சுல்தானிடம் ஆயிரக்கணக்கான நாணயங்களைப் பரிசிலாகப் பெற்றுப் பழகிய கைக்கு மூன்று ரொட்டி சிறிதாகத் தோன்றியது. விருந்தை ஈவார் நெஞ்சத்தால் அளவாது, பொருளின் விலையால் அளந்தார். விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் கண்ட திருவள்ளுவர் நூலைப் பயில்வோர் இக்குறையை எளிதில் காண்பர். ஆயினும் அவர் நூலிலேயே அவர் தீர்ப்பை மறுக்கும் சான்றும் உள்ளது. அந்நாட்டில் வழிச்செல்வோர் கட்டுச்சோறும் பணமும் கொண்டுசெல்ல வேண்டுவதில்லை. உப்புக் கட்டியும் கண்ணாடி மணியும் கிராம்பும் இருந்தால் போதும். ஊரை அடைந்ததும் பெண்டிர் தானியமும் பாலும் கோழியும் அரிசியும் கொணர்வர் என்று அவரே எழுதினார். அம்மக்களின் நீதியையும், வழிப்பறியற்ற பாதுகாப்பையும், ஆங்கு இறக்கும் அயலார் பொருளைத் தொடாது உரியவர் வரும்வரை காக்கும் நேர்மையையும் வாயாரப் புகழ்ந்தார். தம் மனக்கசப்பையும் எழுதினார். அக்கசப்பைப் பொய்யாக்கும் உண்மையையும் ஒளியாது எழுதினார். இதுவே அவர் நூலுக்கு நிலைத்த மதிப்பைத் தருவது.

கலமும் இலையும்

சேர்ந்துண்ணல் அன்பின் அடையாளமாயின், சேர்ந்துண்ணாமை எதன் அடையாளம்? மலையாளக் கரைப் பெருவழியில் அரை மைலுக்கொன்றாக மரத்தாலாகிய நிழற்கூடங்களையும் கிணறுகளையும் அவர் கண்டார். நீர் வார்ப்பதற்கு ஆங்கு ஓர் ஆளும் இருப்பான். அந்நாட்டு மக்களுக்குக் கலத்தில் நீர் அளிப்பான்; முஸ்லிம்களுக்கோ, அவர் போதுமென்று குறிகாட்டும்வரை இரு கைகளிலும் வார்ப்பான். வீட்டினுள் முஸ்லிம்களை விடார். தம் கலங்களில் உண்ண இசையார். உண்டால் அக்கலத்தை உடைப்பர், அல்லது அவர்க்கே கொடுத்துவிடுவர். ஆயினும் முஸ்லிம் குடிகளில்லாத ஊர்களில், வந்தவர்க்குத் தாமே சமைத்து, வாழையிலையிற் சோறிட்டுக் குழம்பும் வார்ப்பர்.

ஒரே கையில் அறமும் விலக்கும் இருந்தமையை இங்குக் காண்கின்றோம். நீரை மறுக்கவில்லை, கலத்தை மறுத்தனர். பசித்தவனைப் பட்டினி போடவில்லை, உள்ளே அழைக்கவில்லை. இவர் இதனைச் சினமின்றி, கண்டவாறே எழுதிச் சென்றார். அவர் வந்துபோகும் வழிப்போக்கர். அவ்விலக்கு அவருக்குச் சில நாள் வியப்பாயிருந்தது. இந்நாட்டிலேயே பிறந்து, தலைமுறை தலைமுறையாகக் கையில் நீர் ஏற்ற மக்களுக்கு அது வியப்பன்று. வாழ்நாள் முழுதும் சுமந்த இழிவு. இருவேறு குவளை வைத்த தேநீர்க் கடைகளை அறிந்த நம் காலத்தார், இப்பகுதியைப் பழங்கதை என்று கடந்துசெல்லுதல் இயலாது.

மாலத்தீவுகளில் அவர் கண்டது வேறொரு பிரிவு. 1343-ஆம் ஆண்டின் இறுதியளவில் சென்று ஆங்கு நீதிபதியாக அமர்ந்தார். அந்நாட்டார்க்கு மீனும் தென்னையுமே வாழ்வு. தேங்காயினின்று பாலும் எண்ணெயும் எடுப்பர். தென்னையினின்று தேன்போன்ற பாகும் காய்ச்சுவர். அந்நாட்டு மகளிர் கணவனோடு அமர்ந்து உண்ணார். மனைவி என்ன உண்கின்றாள் என்பதையும் கணவன் அறியான். ஆங்குப் பலரை மணந்த இவர், சிலரை வற்புறுத்தி உடன் உண்ணச் செய்தார். ஏனையோர் எவ்வாற்றானும் இசையவில்லை, அவர் உண்பதைக் காணவும் இவரால் இயலவில்லை. நீதிபதியின் ஆணை அடுக்களை வாயிலோடு நின்றுவிட்டது. ஒரு மக்களின் வழக்கம் சட்டத்தினும் ஆழமான இடத்தில் வேர்கொண்டுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

தமிழகத்தில் இரு நிகழ்ச்சிகள்

இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியின் நட்பைப் பெற்றுச் சிவனொளிபாத மலையையும் கண்டபின், 1344-ஆம் ஆண்டளவில் இவர் கப்பல் தமிழகக் கரையருகே புயலில் உடைந்தது. அக்காலத்து மதுரையில் 1335-ஆம் ஆண்டு தோன்றிய சுல்தான் ஆட்சி நிலவியது. அரசர் கியாசுத்தீன், இவருடைய மனைவியின் தமக்கை தங்கையருள் ஒருவரை மணந்தவர். ஆதலின் உறவினராகவே வரவேற்கப்பட்டார்.

ஒரு நாள் சுல்தான் உணவருந்துகையில், நீதிபதி ஒருவர் வலப்பக்கத்திலும் இவர் இடப்பக்கத்திலும் அமர்ந்திருந்தனர். அப்பொழுது சிறைப்பிடிக்கப்பட்ட இந்து ஒருவரும், அவர் மனைவியும், 7 வயது மகனும் கொணரப்பட்டனர். மூவர் தலையையும் வெட்டுமாறு உண்ணுமிடத்திலேயே ஆணை பிறந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபொழுது தலைகள் நிலத்திற் கிடந்தன. பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்லும் இச்செயலைத் தாம் வேறெந்த மன்னரிடமும் கண்டதில்லை என்றும், இதன்பொருட்டே இறைவன் அவர் முடிவை விரைவுபடுத்தினார் என்றும் பின்னர் எழுதினார். அரசரும் உறவினரும் தம் சமயத்தாருமாகிய ஒருவரின் கொடுமையை மறையாது எழுதியது பெரிதே. ஆயினும் அவ்வேளையில் அவர் செய்யக்கூடியது முகத்தைத் திருப்புவதாகவே இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒருவர் உணவை உண்பார்க்கு அவர் முன் நா எழுவது கடினம். விருந்தின் இன்பத்தோடு வரும் இடரும் இதுவேயாகும்.

மற்றொரு நிகழ்ச்சி மதுரை நகரிலேயே நடந்தது. ஆங்குக் கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்டனர். இவரையும் கொடுங்காய்ச்சல் பற்றியது. இனிப் பிழையேன் என்று எண்ணினார். அந்நகரில் மிகுதியாகக் கிடைக்கும் புளியில் ஏறத்தாழ ஒரு இராத்தல் எடுத்து, நீரிற் கரைத்துக் குடித்தார். 3 நாள் வயிறு கழிந்தபின் உடல் தேறிற்று என்கின்றார். இம்மருத்துவம் இக்காலத்தார் பின்பற்றற்குரியதன்று. ஆயினும் தமிழர் அடுக்களையில் என்றும் நிற்கும் புளிக்கு, தாஞ்சியர் நகரத்தார் ஒருவர் தம் உயிரைக் காத்ததென நன்றி கூறிய செய்தி நம் உள்ளத்தைத் தொடுகின்றது. சோறு தொண்டையில் இறங்காத நாட்டில் புளி இறங்கி உயிர் தந்தது.

நாம் கொள்ளற்பாலன

இப்னு பதூதாவின் நூலினின்று மாணவராகிய நாம் கொள்ளத்தக்கன மூன்று. அறியாத உணவைக் கண்டவிடத்து, அதற்கு நம் வீட்டில் இணையானது யாது என்று முதலில் தேடுக. விருந்தை அதன் விலையால் அளவற்க. உணவின்பொருட்டு மக்கள் பிரிக்கப்படுவதைக் கண்டால், வழக்கம் என்று சொல்லி முகத்தைத் திருப்பற்க.

இவற்றைப் பயில நாம் சஹாராப் பாலையைக் கடக்கவேண்டுவதில்லை. நம் கல்லூரி விடுதியில் இன்று நாகாலாந்து, மணிப்பூர் மாணவர்களும் உடன் வாழ்கின்றனர். ஊரினின்று அவர் கொணரும் மூங்கிற்குருத்தின் மணம் எழுந்தவுடன் மூக்கைப் பொத்துவோர் உளர். சன்னலைத் திறந்து நகைப்போரும் உளர். அதே நகையாளர் தம் வீட்டினின்று வந்த கருவாட்டுப் பொட்டலத்தை மகிழ்வோடு அவிழ்ப்பர்! 3 ஆண்டுகள் நம் சோற்றையும் சாம்பாரையும் குறைகூறாது உண்ணும் அத்தோழர்களே இன்று நம்மிடையே உள்ள இப்னு பதூதாக்கள். நம்மைப் பற்றி அவர் தம் ஊரிற் சென்று யாது கூறுவர் என்பது, நாம் அவர்க்கு இடும் உணவினும், அவர் நமக்கு நீட்டும் உணவை நாம் ஏற்கும் முறையையே பெரிதும் பற்றியதாம்.